‘யாரும் வற்புறுத்தவில்லை’ என்றால் ஆயிற்றா?

கேள்வி: ஐ.டி. நிறுவனமொன்றில் டீம் லீடாக இருக்கிறேன். என் டீமில் பதினோரு பேர். போன வருஷம் மார்ச்சிலிருந்து எல்லோருக்கும் வீட்டிலிருந்தே வேலை. கொரோனா இரண்டாம் அலையில் டீமே துவண்டுவிட்டது. ஆன்லைன் யோகா, வெள்ளிக்கிழமை அரட்டை என்று என்னென்னவோ வைத்துப் பார்த்துவிட்டேன். யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு பெண்ணின் அப்பா மே மாதம் கொரோனாவில் தவறிவிட்டார். லீவ் பாக்கி இல்லாததால் ஐந்தாம் நாளே அவராகவே லாகின் செய்துவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. டீமின் மனநலத்துக்கு இன்னும் என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை. (ஜூன் 2021)

பதில்: யோகாவை விடுங்கள், தம்பி. ‘லீவ் பாக்கி இல்லாததால் ஐந்தாம் நாளே’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை. கொரோனாச் சாவில் முகம் பார்ப்பதே பெரும்பாடு. ஊரடங்கில் துக்கம் கேட்கக்கூட ஆள் வந்திருக்காது. அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் டிக்கெட் (வந்த வேலைக் கோரிக்கைகள்) மூடிக்கொண்டிருக்கிறார். ‘அவராகவே’ என்கிறீர்கள். சம்பளம் பிடிப்பார்களே என்ற பயத்தைவிடப் பெரிய வற்புறுத்தல் எது? பெற்றவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க விடாத வேலை எனக்கு வேலையாகவே படவில்லை. பதினாறு நாள் என்று பெரியவர்கள் வைத்தது அழுவதற்கும் தூங்குவதற்கும்தான். மற்ற பத்துப் பேரும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்? உங்கள் அரட்டையில் எப்படி வாய் திறப்பார்கள்?

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு எல்லாம் உண்டு. துக்கத்துக்கென்று தனி விடுப்பு கிடையாது. ஆகவே கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள்தான். இன்றே எச்.ஆருக்கு (மனிதவளப் பிரிவுக்கு) மெயில் போடுங்கள்: அப்பா இறந்த நாளிலிருந்து பதினாறு நாளைச் சம்பளத்தோடு கூடிய சிறப்பு விடுப்பாக மாற்ற வேண்டும், அதில் வேலை பார்த்த நாட்களை இப்போது எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். மறுத்தால், சக ஊழியர்களின் விடுப்பை அவருக்கு மாற்றித் தர வழி உண்டா என்று கேளுங்கள். அந்தப் பெண்ணை விண்ணப்பம் போடச் சொல்லாதீர்கள். ‘வேண்டாம் சார்’ என்றுதான் சொல்வார்.

அவர் திரும்பியதும் மூன்று வாரம் பாதி வேலை. பாதி என்றால் யார் எதை எடுத்துக்கொள்கிறார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். ‘முடிந்ததைப் பாருங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் குற்ற உணர்ச்சியில் முழுதையும் இழுத்துப் போட்டுக்கொள்வார். இரவு ஆன்-கால் (அவசரத்துக்குக் கூப்பிட்டால் வேலைக்கு வரும் முறை) வேண்டாம். மீட்டிங்கில் கேமராவைப் போடச் சொல்லிப் பேச்சே எடுக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை நீங்களே போன் செய்யுங்கள், வீடியோ இல்லாமல், பதினைந்து நிமிஷம். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘நல்லா இருக்கேன் சார்’ என்பதோடு முடிந்துவிடும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, இன்று என்ன சாப்பிட்டார், அம்மாவுக்குத் துணை யார், மருத்துவமனைக் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். கடன் என்றால், கொரோனாவுக்காக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை இரண்டாம் முறையும் எடுக்க 2021 மே 31ஆம் தேதி அனுமதி வந்தது (2024இல் இந்தச் சலுகை நிறுத்தப்பட்டது). மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 சதவீதம், இதில் எது குறைவோ அது கிடைத்தது. திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. பணம் எடுக்க வழி இருந்தால், விண்ணப்பிக்கக் கூட இருந்து உதவுங்கள்.

‘நான்தான் கொரோனாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்’ என்றாரானால் உடனே மறுத்து வாயை அடைக்காதீர்கள், பேச விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் வீட்டில் ஒருவர் கூடவே இருக்கட்டும், அன்றே மருத்துவரிடம் போகட்டும். அரசின் 104 உதவி எண்ணை அழைத்தாலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

கம்பெனி கவுன்சலிங் எண்ணை மெயிலில் தூக்கிப் போடுமுன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள். தமிழில் பேசுவார்களா? ஷிப்ட் முடிந்தபின் கிடைப்பார்களா? பேசியவர் பெயர் கம்பெனிக்குப் போகுமா? மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தப் பெண் போனில் சொன்னது எதுவும் டீம் வாட்ஸ்அப்புக்குப் போகக் கூடாது, அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) குறிப்பிலும் ஏறக் கூடாது. இந்த மூன்று மாத டார்கெட்டை இப்போதே குறைத்து, மேலாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். மார்ச்சில் ரேட்டிங் போட உட்காரும்போது யாருக்கும் இதெல்லாம் நினைவிருக்காது.