கல்லூரிக் காற்பந்துப் பருவம்: கேளுங்க, சொல்றேன்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்று வட்டாரத் தோட்டத் திடல்களில் ஆடும் கல்லூரி அணிகளுக்கான கேள்வி பதில் இது. அட்டவணை, திடல், காயம், ஆட்ட விதி எதைப் பற்றியும் கேட்கலாம். இந்த வருசம் கிண்ணம் யாருக்கு என்று மட்டும் கேட்காதீங்க.

கேள்வி (அணி மேலாளர்): ஐயா, எட்டு கல்லூரிகள். ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு ஒரு முறை மோதணும். அட்டவணை போட்டா எங்கேயாவது இடிக்குது.

பதில்: எட்டு அணி, 7 சுற்று, 28 ஆட்டம். ஒரு தாளில் மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்றும் அதற்கு நேர் கீழே 8, 7, 6, 5 என்றும் எழுதுங்க. எதிரெதிரே நிற்பவை முதல் சுற்றில் மோதும். அடுத்த சுற்றுக்கு 1-ஐ அசைக்காமல் மற்ற ஏழையும் கடிகாரம் சுற்றும் திசையில் ஓரிடம் நகர்த்துங்க. ஏழு சுற்று முடியும்போது ஒரு ஜோடிகூடத் திரும்ப வந்திருக்காது. ஏழே அணி என்றால் எட்டாவது இடத்தில் "ஓய்வு" என்று எழுதினால் போதும்.

இடிப்பது கணக்கில் இல்லை, நாட்காட்டியில். தேர்வு வாரம், நோன்பு மாதம், தீபாவளி மூன்றையும் முதலில் அடித்துவிட்டு, மிச்சமுள்ள சனி ஞாயிறை எண்ணுங்க. மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடியோடு மழை கொட்டும். அந்த மாதங்களில் 4.30 மணி ஆட்டத்தைக் காலை 8.30-க்கு மாற்றுங்க. குறைந்தது இரண்டு மாற்று நாளாவது கையில் இருக்கட்டும். மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்துங்க. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் திடலில் இறங்கக் கூடாது. செம்பனை அடியிலும் தகரக் கொட்டகையிலும் ஒதுங்குவது பாதுகாப்பே இல்லை. பஸ்ஸில் ஏறி உட்காருங்க.

கேள்வி (இரண்டாம் ஆண்டு மாணவர்): கோச், பழைய தோட்டத் திடல். கோடெல்லாம் அழிஞ்சு போச்சு. நாங்களே போடலாமா?

பதில்: தாராளமா. 50 மீட்டர் டேப், நைலான் கயிறு, மூங்கில் முளை பத்து, நாலு பேர். முதலில் மூலை சரியா வரணும். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து முளை அடிங்க. இரண்டு முளைக்கும் இடையே சரியா 5 மீட்டர் வந்தால்தான் அது செங்கோணம். கண் மதிப்பில் போட்டால் மறுமுனையில் இரண்டு மீட்டர் கோணும்.

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44. பெனால்டி எல்லையை, அதாவது பெட்டியை, ஒவ்வொரு கம்பத்தின் உள் ஓரத்திலிருந்தும் 16.5 மீட்டர் அளக்கணும். பாதிப் பேர் கோலின் நடுவிலிருந்து அளந்துவிடுவார்கள், பெட்டி சுருங்கிப் போகும். மொத்த அகலம் 40.32 வரவேண்டும், சரிபாருங்க. பெனால்டி புள்ளி 11 மீட்டரில். பெட்டிக்கு வெளியே வரும் வளைவுக்கு அந்தப் புள்ளிதான் மையம், பெட்டியின் கோடு அல்ல, 9.15 மீட்டர் கயிறு கட்டி இழுங்க. நடு வட்டத்துக்கும் அதே கயிறுதான். கோட்டின் தடிப்பு 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

நீர்த்த சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தில் தோலைப் பொசுக்கும், பாயும் கோல்காவலருக்குக் கண்ணே போகலாம். தோட்டத்துக் களைக்கொல்லியால் புல்லைக் கருக்கிக் கோடு போடும் பழக்கத்தையும் விடுங்க. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயிண்ட் போதும்.

கோடு போட்ட கையோடு தூக்கி வைக்கும் கோல் கம்பத்தின் பின் சட்டத்தைத் தரையோடு கட்டுங்க. கட்டாத கம்பத்தில் யாராவது தொங்கினால் அப்படியே முன்னால் சாயும். ஆளையே கொன்றுவிடும்.

கேள்வி (முதலாண்டு): அண்ணே, எந்த பூட்ஸ் வாங்கலாம்?

பதில்: காய்ந்த கெட்டித் திடலுக்கு வார்ப்பு ஸ்டட் (அடியில் பூட்ஸோடு சேர்த்தே வார்த்த குமிழ்). இரும்பு ஸ்டட் சேற்றுக்கு மட்டும். கெட்டித் தரையில் போட்டால் முழங்கால் அடி வாங்கும். விலையைவிட அளவு முக்கியம்.

கேள்வி (துணைப் பயிற்றுநர்): பருவம் தொடங்கி மூணாவது வாரத்திலேயே மூணு பேருக்குத் தொடைப் பின்தசை இழுத்துக்கிச்சு. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம்.

பதில்: முதல் இரண்டு நாள் ஒத்தடம் வேண்டாம். துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், இறுக்கும் பேண்டேஜ், ஓய்வு. காரணத்துக்கு வருவோம். விடுமுறையில் சும்மா இருந்தவர்களை முதல் வாரமே முழு வேகத்தில் ஓட விட்டிருப்பீங்க. வேகத்தைப் படிப்படியா ஏற்றணும்.

தொடைப் பின்தசையை வலுவாக்கும் நோர்டிக் பயிற்சியைச் சேர்த்துக்கோங்க. முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் மெதுவா முன்னால் சாயணும். முதல் வாரம் ஒரே நாள், 5 தடவை வீதம் இரண்டு சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 வீதம் இரண்டு சுற்று. மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று நாள், 6 முதல் 8 வீதம் மூன்று சுற்று. தொடக்கத்தில் தொடை நன்றாக வலிக்கும். அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம். ஃபிஃபா 11+ என்ற 20 நிமிட உடல் சூடேற்றலில் இதுவும் அடக்கம். வலியில்லாமல் முழு வேகத்தில் ஓட முடியும் வரை காயப்பட்டவரை இறக்காதீங்க. இறக்கினால் அதே இடத்தில் மறுபடி கிழியும்.

கேள்வி (இறுதியாண்டு): எங்களுக்கு 14 புள்ளி, கோல் வித்தியாசம் +9. அடுத்த அணிக்கும் 14, ஆனா +5. நேருக்கு நேர் அவங்க 1-0 ஜெயிச்சாங்க. விதிப்புத்தகத்தில் ஒண்ணுமே இல்ல. சாம்பியன் யாரு?

பதில்: எழுதாத விதியைப் பருவம் முடிந்தபின் எழுத முடியாது. நடுநிலைத் திடலில் தீர்மானிப்பு ஆட்டம் வைங்க.

குறுக்கீடு (அந்த "அடுத்த அணி"யின் ஆதரவாளர்): அதெப்படி சார்? நாங்க அவங்களையே அடிச்சிருக்கோம். யூரோ ஐரோப்பியக் கிண்ணத்தில் அப்படித்தானே பார்க்கிறாங்க?

பதில்: யூரோவில் அப்படித்தான். 2022 உலகக் கிண்ணத்தில் கோல் வித்தியாசம்தான் முதலில். இரண்டும் நியாயமான முறைகள். உங்கள் லீகில் எந்த முறை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

குறுக்கீடு (இறுதியாண்டு): ஏழு ஆட்டத்தோட உழைப்பா, ஒரு ஆட்டத்து அதிர்ஷ்டமா?

குறுக்கீடு (ஆதரவாளர்): கடைசி இடத்து அணியை 8-0 அடிச்சது உழைப்பா?

பதில்: சரி, இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. ஒரு முறை மட்டும் மோதும் லீகில் எனக்குக் கோல் வித்தியாசமே சரி. ஒரு தவறான பெனால்டி பருவத்தையே தீர்மானிக்கக் கூடாது. ஆனால் அந்த 8-0 பேச்சிலும் நியாயம் உண்டு. பலவீனமான அணி பாதிப் பேரோடு வந்த நாளில் யார் அவர்களோடு ஆடினார்களோ, அவர்களுக்குத்தான் லாபம்.

நேருக்கு நேர் வேண்டுமென்றால் மூன்று அணி சமமானால் என்ன செய்வது என்பதையும் எழுதணும். அ, ஆ-வை 2-0 வென்றது. ஆ, இ-யை 1-0 வென்றது. இ, அ-வை 3-2 வென்றது. மூன்றுக்கும் 3 புள்ளி. அந்த மூன்று ஆட்டங்களை மட்டும் கூட்டினால் அ +1, இ 0, ஆ -1. வரிசை அ, இ, ஆ. அதுவும் சமமென்றால்தான் மொத்தக் கோல் வித்தியாசம். வராத அணிக்கு 3-0 தோல்வி என்பதையும், நடுவில் விலகும் அணியின் முடிவுகள் எல்லாம் அழியுமா நிற்குமா என்பதையும் முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, எட்டு மேலாளரிடமும் கையெழுத்து வாங்குங்க.

கேள்வி (கோல்காவலர்): பந்தை எவ்வளவு நேரம் கையில் வச்சிருக்கலாம்?

பதில்: 8 வினாடி. 2025-இல் வந்த மாற்றம். கடைசி 5 வினாடியை நடுவர் கையால் எண்ணிக் காட்டுவார். தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். நீங்களும் கம்பத்தில் தொங்காதீங்க.

கேள்வி: பூட்ஸ் எது நல்லது அண்ணே?

பதில்: மேலே இருக்கு.

கேள்வி (மகளிர் அணித் தலைவி): எங்க அணியில் நோன்பு இருக்கும் தோழிகள் ஐந்து பேர். பயிற்சியை நிறுத்தவா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, நேரத்தை மாற்றுங்க. நோன்பு திறப்பதற்கு முந்தின ஒரு மணி நேரம் பந்தைப் பாஸ் செய்வது, ஃப்ரீ கிக் போன்ற லேசான வேலை. முடிந்ததும் உடனே தண்ணீர் கிடைக்கும். ஓட்டமும் நோர்டிக்கும் இரவு 9.30-க்கு மேல், விளக்கு இருந்தால். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம், ஒரே மடக்கில் இல்லாமல் இரவு முழுக்கப் பிரித்துக் குடிக்கணும். மயக்கமோ உளறலோ தெரிந்தால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

கேள்வி: த்ரோ-இன்னில் ஆஃப்சைடு உண்டா?

பதில்: இல்லை. கோல் கிக்கிலும் கார்னரிலும்கூட இல்லை.

கேள்வி: சார், இரும்பு ஸ்டட் பூட்ஸ்...

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (அணி மேலாளர்): கம்பத்தைக் கட்டச் சொன்னீங்க. ரப்பர் கயிறு போதுமா?

பதில்: போதாது, இழுபடும். பின் சட்டத்தில் இரண்டு மூலையிலும் நடுவிலும் நீண்ட இரும்பு முளைகளைச் சாய்வாக அடித்து இறக்குங்க. மழை பெய்து மண் இளகியிருந்தால் சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளையும் ஏற்றுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கம்பத்தை முன்னால் தள்ளிப் பாருங்க. அசைந்தால் நடுவரைத் தொடங்க விடாதீங்க.