முப்பத்தோரு வயதில் எம்.பி.பி.எஸ்.: மனையை விற்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பி.ஃபார்ம். படித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறார். வருமானம் ஏறி இறங்கும். சராசரியாக மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்குக் கொடுப்பார். மகளுக்கு நான்கு வயது. வாடகை உட்பட மாதச் செலவு 32,000 ரூபாய். வங்கியில் வைப்புநிதி 6 லட்சம், நகை 30 பவுன், அப்பத்தா என் பெயரில் எழுதிவைத்த கோட்டையூர் மனை ஆகியவை இருக்கின்றன. மனை 14 லட்சத்துக்குப் போகும் என்கிறார்கள். பிளஸ் டூ முடித்தபோது அப்பா இறந்துவிட்டதால் மருத்துவம் படிக்கும் ஆசையை விட்டுவிட்டேன். இந்த ஆண்டு பயிற்சி வகுப்பு எதுவும் இல்லாமல், மாலையில் கடையில் உட்கார்ந்து படித்து நீட் எழுதி 720-க்கு 312 எடுத்தேன். அதன்பிறகு ஒரு தரகர் பேசினார். கர்நாடகத்தில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது, வயது கூடியவர்களுக்குத் தனி நேர்முகத் தேர்வு, மொத்தம் 60 லட்சம் ஆகும் என்றார். பதிவுக் கட்டணமாக 25,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். நேர்முகத் தேர்வுக்கு முன் 3 லட்சம் கேட்கிறார். மனையை விற்று, நகையை அடகு வைத்து, மீதிக்குக் கல்விக் கடன் வாங்கலாமா? பிள்ளையைத் தாம் பார்த்துக்கொள்வதாக அத்தை சொல்கிறார். நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்.

– வாசகி, காரைக்குடி

பதில்: அந்த 3 லட்சத்தை அனுப்பாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ராணுவ மருத்துவக் கல்லூரியைத் தவிர, இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எதுவானாலும் நீட் தரவரிசைப்படி, அரசு நடத்தும் கலந்தாய்வில்தான் இடம் கிடைக்கும். தமிழ்நாட்டில் அதை நடத்துவது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு டெல்லியில் இருக்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு. கர்நாடகத்தில் தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களையும் அந்த மாநிலத்தின் தேர்வு ஆணையமே நிரப்புகிறது. நேர்காணலுக்குப் பெயர்பெற்ற வேலூர் சி.எம்.சி.யிலும் நீட் வந்தபின் அந்த முறை போய்விட்டது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, தனியார் கல்லூரி மருத்துவ இடத்துக்கு நேர்முகத் தேர்வு என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு சொல்லிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நேர்முகத் தேர்வுக்கென்று தரகர் கொடுத்து, நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த கேள்வித்தாளைப் படித்தேன். "இந்த வயதில் ஏன் மருத்துவம்?" என்ற முதல் கேள்விக்குக் கீழே பென்சிலால் நான்கு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். இரவெல்லாம் யோசித்து எழுதிய பதில் அது என்பது தெரிகிறது. அதை ஒருவர் 25,000 ரூபாய்க்கு விலை பேசியதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்றே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து இணையக் குற்றப் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் திரும்புமா என்பது உறுதியில்லை. ஆனால் தாமதித்தால் இருக்கிற வாய்ப்பும் போய்விடும்.

இனி வயதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை. முன்பு பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று இருந்ததை 2022 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கு முன்பே, அந்த வரம்பு வழக்கில் இருந்தபோது, 2022 ஜனவரியில் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வு வரை வந்து, இளையவர் ஒருவருக்குப் போகட்டும் என்று இடத்தை விட்டுக்கொடுத்தார். 2025-இல் தென்காசிப் பக்கத்து 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தம் மகளோடு சேர்ந்து நீட் எழுதி, அரசுக் கல்லூரியில் இடம் பெற்றார். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அவருடைய மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். அவர் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் வந்தவர். உங்கள் போட்டி வேறு.

312 தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியதுதான். தகுதி வேறு, இடம் வேறு. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் அரசுக் கல்லூரி இடத்துக்கு 312 போதாது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தையை வைத்துக்கொண்டு, கடை மூலையில் படித்து எடுத்த 312 இது. எனவே ஒரு முழு முயற்சிக்குப் பணம் ஒதுக்குவது தவறில்லை என்பது என் கருத்து. முயற்சிக்குத்தான், சகோதரி. இடத்துக்கு விலை கொடுக்க அல்ல.

கணக்கைப் பார்ப்போம். அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய தொகையே இல்லை, ஆண்டுக்குச் சில ஆயிரங்கள். உங்களுக்கு உண்மையான செலவு விட்டுவிடும் சம்பளம்தான். படிப்பு நான்கரை ஆண்டு, அதாவது 54 மாதம். 22,000 ரூபாய் வீதம் 11 லட்சத்து 88 ஆயிரம். விடுதி, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 8,000 என்று வைத்தால் 4 லட்சத்து 32 ஆயிரம். கட்டணம், புத்தகம், கருவிகளுக்கு மொத்தம் ஒன்றரை லட்சம். கூட்டினால் 17 லட்சத்து 70 ஆயிரம். கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியில் மாதம் ஏறத்தாழ 25,000 ரூபாய் உதவித்தொகை வரும். அது இன்றைய உங்கள் சம்பளத்துக்கு ஈடு.

17 லட்சத்து 70 ஆயிரம் என்பது இந்தப் படிப்பின் விலை. கையில் வேண்டிய பணம் அவ்வளவு இல்லை. கணவர் தரும் 30,000 நிற்காமல் வந்தால் வீட்டுச் செலவில் மாதம் 2,000 ரூபாய்தான் குறையும். 54 மாதத்துக்கு அது 1 லட்சத்து 8 ஆயிரம். அதோடு விடுதியையும் கட்டணத்தையும் சேர்த்தால் 6 லட்சத்து 90 ஆயிரம். மகளின் பள்ளிச் செலவு ஏறும் என்பதால் 7 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைப்புநிதி 6 லட்சத்தில் 2 லட்சத்தை ஆறு மாத வீட்டுச் செலவுக்கென ஒதுக்கிவிட்டுத் தொடாமல் இருங்கள். மிச்சம் 4 லட்சம். குறைவது 3 லட்சம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கலாம். அதாவது அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் மனையையும் விற்க வேண்டாம், நகையையும் வைக்க வேண்டாம்.

உங்களுக்கு உண்மையான நேர்காணல் என்று ஒன்று இருந்தால் அது வங்கி மேலாளரின் மேசையில்தான். வயதைக் கேட்பார், கணவரின் வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார். பழம்பொருள் கடைக்காரர்களில் பலர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்வதில்லை. உங்கள் கணவர் இந்த ஆண்டிலிருந்தாவது தாக்கல் செய்யட்டும். கல்விக் கடனில் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப்போவது அவர்தானே.

அவர் கடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தத் தெருவை எனக்கு நன்றாகத் தெரியும். எனாமல் தூக்குகள், மரப்பாச்சி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வாசல்வரை அடுக்கியிருக்கும். எங்கோ ஒரு பழைய வீடு இடிபடுகிறது என்று தகவல் வந்தால் நிலை, கதவு, தேக்குத் தூண் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி, அன்றைக்கே ரொக்கம் வைக்க வேண்டும். வைத்தவருக்குத்தான் சரக்கு. சரக்கு விற்க ஆறு மாதமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். அந்த ஒரு நாள் ரொக்கத்துக்கு வீட்டில் எந்தப் பணம் கண்ணில் படும்? உங்கள் வைப்புநிதிதான். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த வியாபாரத்தின் இயல்பு அப்படி. அதனால் 6 லட்சத்தையும் உங்கள் ஒருவர் பெயரில் மாற்றி, மூன்று துண்டாகப் பிரித்து, வெவ்வேறு ஆண்டுகளில் முதிரும்படி போடுங்கள். கடைக்கு வேண்டுமானால் அவர் தனியாக வங்கியில் வியாபாரக் கடன் வரம்பு வாங்கிக்கொள்ளட்டும். ஐந்து ஆண்டுக்கு வீடே அவர் ஒருவர் வருமானத்தில் நிற்கப்போகிறது. எனவே அவர் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்துவிட்டுத்தான் நீங்கள் வேலையை விட வேண்டும்.

முயற்சிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு வருகிறேன். இப்போது உங்கள் வீட்டில் மாதம் 20,000 ரூபாய் மிஞ்சுகிறது. ஜனவரி வரை, எட்டு மாதத்தில், 1 லட்சத்து 60 ஆயிரம் சேரும். முழுநேரப் பயிற்சி மையத்துக்காக வேலையை விடாதீர்கள். பாடநூல், இணையவழித் தேர்வுத் தொடர், இயற்பியலுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் ஓர் ஆசிரியர் என்று 40,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். வேதியியலிலும் உயிரியலிலும் பி.ஃபார்ம். படித்த உங்களுக்கு அடித்தளம் இருக்கிறது. பெரும்பாலும் மதிப்பெண் போவது இயற்பியலில்தான். பிப்ரவரி முதல் மே வரை சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். அது 88,000 ரூபாய் இழப்பு. நான் சொன்ன இரண்டையும் கூட்டினால் 1 லட்சத்து 28 ஆயிரம். வைப்புநிதியைத் தொடாமலே முயற்சி நடந்துவிடும்.

ஆனால் விடுப்பு எடுப்பதற்கு ஒரு நிபந்தனை வையுங்கள். ஜனவரிக்குள் பத்து முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். கடைசி ஐந்தின் சராசரி 450-ஐத் தொடவில்லை என்றால் விடுப்பு வேண்டாம், வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். அந்த 450 இடத்துக்கான மதிப்பெண் அல்ல, நான்கு மாதத்தில் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம் மட்டும். வினாத்தாள் கடினமானால் எல்லார் மதிப்பெண்ணும் சரியும். 2024-இல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். மறு ஆண்டு முதலிடமே 686. அதனால் மதிப்பெண்ணை விட உங்கள் பிரிவுத் தரவரிசையைப் பாருங்கள்.

இன்னொரு விஷயத்தை அடுத்த வாரமே விசாரியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கும். தருமபுரி ஆசிரியர் வந்தது அந்த வழியில்தான். நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. நம் பகுதியில் நகரத்தார் கட்டி நடத்தும் பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். ஊரில் அவற்றையும் அரசுப் பள்ளி என்றே சொல்லிவிடுகிறோம். உதவிபெறும் பள்ளியில் படித்தவருக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. உங்கள் மாற்றுச் சான்றிதழ்களை எடுத்துப் பள்ளியின் வகையைப் பார்த்துவிடுங்கள். ஏழு வகுப்பும் அரசுப் பள்ளி என்றால் உங்கள் போட்டியே வேறாகிவிடும்.

அரசுக் கல்லூரி கிடைக்காமல் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வந்தால்? அண்மை ஆண்டுகளில் அதற்குக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் நான்கரை லட்சம், மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். முழுவதும் கடன் என்றால் படிப்புக் காலத்து வட்டியும் சேர்ந்து 28 லட்சமாகி நிற்கும். 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 30,000 ரூபாய். நீங்கள் அதைக் கட்டத் தொடங்கும்போது மகளுக்குப் பன்னிரண்டு வயதைத் தாண்டியிருக்கும், முடிக்கும்போது இருபத்தேழு. அவளுடைய கல்லூரிக் காலம் முழுக்க அந்தத் தவணைக்குள் அடங்கிவிடும். மனையை விற்றுக் கடனைப் பாதியாக்கினால் ஒருவேளை தாங்கும். அதற்குக் கணவரும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீடு, ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேல், உங்கள் குடும்பத்துக்கு ஆகாது. எந்தக் கணக்கு போட்டாலும் ஆகாது.

வெளிநாட்டுப் படிப்பை நீங்கள் கேட்கவில்லை. அடுத்து யாராவது அதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்பதால் சொல்கிறேன். அங்கே 54 மாதப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து வந்து, இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதை எழுதுவோரில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் தேறாமல் போகிறார்கள். நான்கு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்காததையும் பார்த்தேன். அடுத்த ஆண்டு சேர்ந்தால் 38 வயதுக்குள் முடிப்பீர்கள். அரசு உதவி மருத்துவர் பணிக்குப் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது முப்பதுகளிலேயே முடிந்துவிடும். பிற்படுத்தப்பட்டோருக்கு அது ஓய்வு வயதை ஒட்டி நீள்கிறது. ஆகவே உங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கும். அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். 60 வயது வரை 22 ஆண்டுப் பணி. போட்ட 17 லட்சத்து 70 ஆயிரம் ஐந்தாறு ஆண்டில் திரும்பிவிடும்.

சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுமே காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். வாரக் கடைசியில் மகளைப் பார்க்க வந்துவிடலாம். அந்தக் கேள்வித்தாளை மட்டும் 1930-இல் கொடுக்கும் புகாரோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கடைசி ஐந்து மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் மாற்றுச் சான்றிதழ்களின் நகலையும் வைத்து எனக்கு எழுதுங்கள். விடுப்பு எடுக்கலாமா என்பதை அப்போது பார்ப்போம்.