ஒரே ஈற்றில் நாலு நிறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டு மூவண்ணப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல் வரி, ஒன்று தாயைப் போலவே மூன்று நிறம். செவலையும் கறுப்பும் பெட்டை என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொன்னார். உயிர்களுக்குள் வேறுபாடு மரபால் வரும், இல்லையென்றால் சூழலால் வரும் என்று மகனுக்குப் பள்ளியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஒரே வயிறு, ஒரே பால், ஒரே அட்டைப்பெட்டி. அதனால் எல்லாமே மரபுதான் என்கிறான். ஆனால் மூவண்ணக் குட்டியின் திட்டுகள் தாய்க்கு இருக்கும் இடத்தில் இல்லையே? மூன்று நிறம் என்றால் பெட்டைதான் என்கிறார்களே, உண்மையா? எதிர்வீட்டுச் செவலைக் கடுவன்தான் அப்பா என்று எங்களுக்குச் சந்தேகம். அவர்கள் ஒப்புக்கொள்வதாக இல்லை.

ம.

அன்புள்ள ம.,

மகன் சொல்வது முக்கால்வாசி சரி. தேர்வில் அப்படியே எழுதட்டும். உயரம், எடை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது தொடர் வேறுபாடு, இரத்த வகை மாதிரி இதுவா அதுவா என்று பிரிவது தொடர்பற்ற வேறுபாடு என்றும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளட்டும். மிச்சக் கால்வாசி உங்கள் பூனையின் முதுகில் இருக்கிறது.

பூனையின் செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில் ஒன்று) உள்ளது. அங்கே டி.என்.ஏ.வில் சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டுப்போனதுதான் செவலைக்குக் காரணம் என்று ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் 2025இல் தனித்தனியாக வெளியிட்டன. என்றைக்கோ நடந்த ஒரு சடுதிமாற்றம், இன்றைக்கு ஊரெல்லாம் செவலைப் பூனை.

கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே ஒன்று செவலை, இல்லையென்றால் செவலை இல்லை. பெட்டைக்கு இரண்டு. ஒன்றில் செவலை, இன்னொன்றில் கறுப்பு என்று அமைந்துவிட்டால்? கரு சின்ன உருண்டையாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடும். எதை மூடுவது என்பது பூவா தலையாதான். ஆனால் மூடியது மூடியதுதான். அந்தச் செல்லிலிருந்து பெருகும் செல்களெல்லாம் அதையே மூடி வைத்திருக்கும். அதனால்தான் ஓரிடம் செவலைத் திட்டு, ஓரிடம் கறுப்புத் திட்டு. 1961இல் எலிகளின் ரோமத்தைப் பார்த்து இதைச் சொன்னவர் மேரி லயன் என்ற மரபியல் அறிஞர். வெள்ளை தனிக் கதை. நிறம் தரும் செல்கள் கருவின் முதுகுப் பக்கம் தோன்றிக் கீழே பரவுகின்றன. வெள்ளைக்கான மரபணு உள்ள பூனைகளில் அவை எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதில்லை. சேராத இடம் வெள்ளை. வயிறும் பாதமும் அடிக்கடி வெளுத்திருப்பது அதனால்தான்.

ஆக, மூன்று நிறம் என்றால் ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். அபூர்வமாக ஒரு எக்ஸ் கூடுதலாக வாங்கிப் பிறக்கும் கடுவனும் மூவண்ணமாக இருக்கலாம். அது பெரும்பாலும் மலடு.

திட்டுகளின் இடம் மரபில் எழுதப்படவில்லை என்பதற்கு ஒரு பூனையே சாட்சி. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் செல்லை எடுத்து நகலாக்கம் (குளோனிங்) செய்தார்கள். 2001 டிசம்பர் 22 அன்று குட்டி பிறந்தது. பெயர் சிசி. உலகின் முதல் நகல் பூனை. அதன் உடம்பில் ஒரு செவலைத் திட்டுகூட இல்லை! பழுப்பு வரியும் வெள்ளையும்தான். எடுத்த செல்லில் செவலை எக்ஸ் ஏற்கெனவே மூடிக் கிடந்தது, நகலாக்கத்தில் அது திறக்கவில்லை என்பதுதான் விளக்கம். (இறந்துபோன செல்லத்தைத் திருப்பித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன் சிசியின் படத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.)

ரெயின்போவுக்கும் சிசிக்கும் மரபணு ஒன்று. நிறம் மாறியதற்குச் சாப்பாடும் வெயிலும் காரணமில்லை. வளர்ச்சியின்போது நேரும் தற்செயல்தான். மரபல்லாத எல்லாவற்றையும் சூழல் என்ற ஒரே மூட்டையில் கட்டுகிற வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. உங்கள் குட்டி தாயிடமிருந்து செவலை எக்ஸை வாங்கியிருக்கலாம். திட்டுகளின் வரைபடத்தை வாங்க முடியாது.

மரபும் சூழலும்கூட அப்படித் தனித்தனியாக நிற்பவை அல்ல. சயாமிப் பூனையின் நிறமி நொதி உடம்புச் சூட்டில் வேலை செய்யாது. தாயின் வயிற்றுக் கதகதப்பில் வெள்ளையாகப் பிறக்கும் குட்டிக்கு, அப்புறம் குளிர்ச்சியான காது, மூக்கு, வால், பாதம் மட்டும் கறுக்கும். நொதி மரபு, சூடு சூழல். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மகனைக் கேட்டுப் பாருங்கள்.

மற்றபடி குட்டிக்குக் குட்டி வித்தியாசம் வருவதில் ஆச்சரியமே இல்லை. பூனைக்கு 19 ஜோடி குரோமோசோம். ஜோடிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுப்பதிலேயே ஒரு தாயால் 5,24,288 விதமான முட்டைகளைத் தர முடியும். ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது.

எதிர்வீட்டு வழக்குக்கு வருவோம். செவலைக் குட்டி பெட்டை என்றால் அதன் இரண்டு எக்ஸும் செவலை. அப்பாவும் செவலையாக இருந்தே ஆகவேண்டும். அதுவரை உங்கள் பக்கம் நியாயம். ஆனால் கறுப்புக் குட்டியும் பெட்டை. அதற்கு அப்பா கொடுத்தது செவலையல்லாத எக்ஸ். ஒரு கடுவனிடம் ஒரு எக்ஸ்தானே இருக்கிறது? மருத்துவர் சரியாகப் பார்த்திருந்தால் அப்பா இரண்டு பேர். பூனைகளில் ஒரே ஈற்றில் இது சகஜம். எதிர்வீட்டாரிடம் பாதிப் பழியை மட்டும் போடுங்கள்.