கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் அரை நாள்தான் கிடைக்கும் என்றால் சுமார் 3500 வருடத்துக்கு முந்தைய மினோவன் நாகரிகத்தின் நோசோஸ் அரண்மனையைப் பார்ப்பதா, ஹெராக்லியோன் நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்ப்பதா?

அருங்காட்சியகம்தான். யோசிக்கவே வேண்டாம்.

இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நோசோஸில் நாம் படம் எடுத்துக்கொள்கிற சிவப்புத் தூண்களும் மாடிகளும் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் கான்கிரீட். 1900இல் அங்கே தோண்ட ஆரம்பித்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ், அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று தான் நினைத்தாரோ அப்படியே பல இடங்களைத் திரும்பக் கட்டிவிட்டார். (அவருக்கு முன்பே, 1878இல், மினோஸ் கலோகெரினோஸ் என்ற உள்ளூர்க்காரர் அங்கே தோண்டிப் பெரிய பெரிய தாழிகளை எடுத்திருந்தார். அவர் பெயரை அதிகம் பேர் சொல்வதில்லை.) அங்கே சுவரில் இருக்கும் ஓவியங்கள் நகல்கள். அசல் எல்லாம் நகருக்குள், அருங்காட்சியகத்தின் மாடியில் இருக்கின்றன. போதாக்குறைக்கு நோசோஸில் நிழல் குறைவு, கோடையில் மதிய வெயில் மண்டையைப் பிளக்கும்.

ஆனால் மாடிக்குப் போனதும் "ஆஹா, 3500 வருட ஓவியம் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது" என்று மயங்கிவிடாதீர்கள். கிட்டே போய்ப் பாருங்கள். கொஞ்சம் மேடாக, கரடுமுரடாக, மங்கிய நிறத்தில் திட்டுத் திட்டாக இருப்பதுதான் அசல். நடுவில் வழவழவென்று நிரப்பியிருப்பது எவன்ஸ் காலத்து ஓவியர்கள் போட்டது. 'லில்லி இளவரசன்' என்று காந்தத்திலும் சாவிக்கொத்திலும் விற்கிறார்களே, அதில் தலைக்கிரீடம் ஒரு துண்டு, மார்பு ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. இவையெல்லாம் ஒரே ஆளுடையவைதானா என்றே பல ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். பாம்புகளைப் பிடித்திருக்கும் பெண் தெய்வச் சிலைகளில் சின்னதற்குத் தலையே பிற்காலத்தில் செய்து வைத்தது.

இதைவிட வேடிக்கை, குங்குமப்பூ பறிக்கும் ஓவியம். நீல நிறத்தில் ஒரு பையன் பூப் பறிக்கிறான் என்று எவன்ஸ் முடிவுகட்டினார், அப்படியே வரைந்து முடித்தும் விட்டார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் வால் இருக்கும் துண்டைக் கவனித்துச் சொன்னார்கள்: அது பையன் இல்லை, குரங்கு. பக்கத்துத் தீவான சாந்தோரினியிலும் அக்ரோத்திரி என்ற இடத்தில் சுவர் முழுக்க நீலக் குரங்குகள் உண்டு. அவை வாலைத் தூக்கிவைத்திருக்கும் விதத்தைப் பார்த்து, இந்தியத் துணைக்கண்டத்துச் சாம்பல் மந்தி வகை என்று 2019இல் சிலர் எழுதினார்கள். நம் பக்கம் காட்டோரங்களில் பார்ப்போமே, கருப்பு முகம், நீண்ட வால், அந்த வகைதான். எல்லோரும் ஏற்றுக்கொண்டதா என்பது வேறு விஷயம், எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

சரி, ஒட்டுப் போடாமல் முழுசாக எதுவுமே இல்லையா? இருக்கிறது. கீழ்த்தளத்தில், பெரும்பாலும் கைக்குள் அடங்குகிற அளவில். கிரீட்டின் மாலியா என்ற இடத்தில் கிடைத்த தங்கப் பதக்கத்தில் இரண்டு தேனீக்கள் எதிரெதிராக நின்று ஒரு சொட்டுத் தேனைப் பிடித்திருக்கும். மொத்த அகலமே 5 செ.மீ. வராது. அதற்குள் கடுகைவிடச் சிறிய தங்க மணிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்திருக்கிறார்கள். ஃபைஸ்டோஸ் என்ற இடத்து அரண்மனையில் எடுத்த வட்டமான களிமண் தட்டு (ஃபைஸ்டோஸ் தட்டு) 1908இல் கிடைத்தது, சுமார் 16 செ.மீ. குறுக்களவு. ஈரக் களிமண்ணில் சின்னச் சின்ன முத்திரைகளை அழுத்தி, சுருள் சுருளாக எழுதிச் சுட்டது. மீன், கப்பல், தலையில் இறகு வைத்த ஆள் என்று 45 வகைக் குறிகள். இன்றுவரை யாரும் நம்பும்படி படித்துக் காட்டவில்லை. இணையத்தில் வாரம் ஒருவர் "படித்துவிட்டேன்" என்பார், விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் கண்ணாடி என்பதால் சுற்றிவந்து இரண்டு முகத்தையும் பார்க்கலாம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஹாகியா ட்ரியாடா என்ற இடத்தில் கிடைத்த அறுவடைக்காரர் கலம். நம் கல்சட்டிக்கு எடுக்கும் மாக்கல் போன்ற மென்மையான கறுப்புக் கல்லில் செதுக்கியது. இது மட்டும் முழுசு இல்லை, கீழ்ப்பாதி போய்விட்டது, மிஞ்சியது மேல்பாதிதான். கவைக்கோல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்கள் கூட்டமாக நடக்கிறார்கள். நடுவில் ஒருவன் கிலுக்கைக் குலுக்கிக்கொண்டு வாயைப் பிளந்து பாடுகிறான், மூச்சைப் பிடித்ததில் விலா எலும்பு வரிவரியாகத் தெரிகிறது. பின்னால் ஒருவன் தடுமாறிக் குனிந்துவிட, முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்துக் கத்துகிறான். கண்ணாடியைச் சுற்றி மெதுவாக நடந்தால்தான் இது பிடிபடும். கூட்டம் தட்டின் பக்கமே நிற்பதால் இங்கே உங்களை யாரும் தள்ள மாட்டார்கள்.

மண் பலகைகளையும் விட்டுவிடாதீர்கள். அவற்றில் உள்ள பழைய எழுத்து முறைகளில் லீனியர் ஏ இன்னும் புரியவில்லை. லீனியர் பி-யை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் படித்தார், பழைய கிரேக்க மொழி என்று தெரிந்தது. உள்ளே காவியமா இருக்கிறது? ஆட்டுக் கணக்கு, கம்பளிக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு! அரண்மனை எரிந்தபோது சூளையில் வெந்ததுபோல் இறுகியதால்தான் அந்தப் பலகைகள் பிழைத்தன.

ரோமானியச் சிலைக் கூடம் சுமார்தான், ஐந்து நிமிடம் போதும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், சொகுசுக் கப்பல் வரும் நாட்களில் பத்து மணிக்கு மேல் நெரிசல். அப்புறம் நேரம் மிஞ்சினால் நோசோஸுக்கு நகரப் பேருந்து இருக்கிறது, 5 கி.மீ.தான். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.