12 பேர், 4 நாள், குளிர்கால லண்டன்: தினம் 5 இடம் ஏன் முடியவில்லை?

ஒரு நாளைக்கு ஐந்து இடம் என்பதை இரண்டாகக் குறையுங்கள். வெளியே சுற்றுவது காலை 10 முதல் 1 வரை. நேரம் குறித்த டிக்கெட் வாங்கிய அருங்காட்சியகம் அதற்குப் பின். மூன்றாவது இடம் தெம்பு இருப்பவர்களுக்கு மட்டும்.

நேரத்தைத் தின்பது தூரமல்ல, கோட்டு. 12 பேரும் அருங்காட்சியகத்தில் அதைக் கழற்றி ஒப்படைத்து, கழிப்பறை போய், மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் அரை மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். மேப் காட்டும் நடைநேரத்தில் இதெல்லாம் வராது.

போகும் தேதிக்குச் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் மாலை 4 மணியை ஒட்டியே மறைந்துவிடும். அதற்குப் பின் பூங்கா, காட்சிமுனை என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். விளக்கு அலங்காரம் பார்ப்பது வேறு கணக்கு, அதற்கு இருட்டுதான் வேண்டும்.

டிசம்பர் 25 உங்கள் 4 நாளுக்குள் வந்தால் கவனம்: அன்று சுரங்க ரயில் ஓடாது, பெரிய அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.