ஒரே நேரத்தில் மூன்று போப்புகள் இருந்தது எப்படி?

இருவர் சண்டையைத் தீர்க்கப் போய் மூன்றாமவர் முளைத்த கதை இது.

1309 முதல் போப்புகள் ரோமில் இல்லை, பிரான்ஸை ஒட்டிய அவிஞானில் இருந்தார்கள். 1377-இல் பதினொன்றாம் கிரெகரி ரோமுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே இறந்துபோனார். "இத்தாலியர்தான் வேண்டும்" என்று ரோம் மக்கள் தெருவில் திரண்டு கத்த, போப்பைத் தேர்ந்தெடுக்கும் மூத்த குருமார்களான கர்தினால்கள் ஆறாம் அர்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ கர்தினால்களையே கண்டபடி திட்டும் ஆள். சில மாதங்களில் அதே கர்தினால்கள், "பயந்துபோய்ப் போட்ட ஓட்டு அது, செல்லாது" என்று சொல்லி ஏழாம் கிளமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞானுக்குப் போய்விட்டார். பிரான்ஸ் அவர் பக்கம் என்றதும் இங்கிலாந்து ரோம் பக்கம். இரு நாடுகளுக்கும் நூறாண்டுப் போர் நடந்த காலமாயிற்றே, இதில் இறையியலைவிட அரசியல்தான் அதிகம் என்பேன்.

அந்த இருவரும் இறந்த பிறகும் இரு பக்கமும் தனித்தனிப் போப்புகள் தொடர்ந்தார்கள். 1409-இல் இத்தாலியின் பீசாவில் கூடிய சங்கம் (திருச்சபைத் தலைவர்களின் பொதுக்கூட்டம்) அப்போதிருந்த இருவரையும் நீக்கிவிட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுத்தது. பழைய இருவரும் விலகவில்லை. சரி, மூன்று பேர்!

1414-இல் தொடங்கிய கான்ஸ்டன்ஸ் சங்கம்தான் இதை முடித்தது. போப்பைவிடச் சங்கத்துக்கே அதிகாரம் என்று அறிவித்து, இருவரை நீக்கி, ஒருவரை விலகவைத்து, 1417-இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தது. திருச்சபைச் சீர்திருத்தம் பேசிய செக் போதகர் யான் ஹுஸை 1415-இல் எரிக்கவைத்ததும் இதே சங்கம்தான். அதனால் அவருடைய நாடான பொஹிமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) போர் மூண்டது.