ஒரே நாளில் பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டும் சாத்தியமா?

கேள்வி: மே மாதம் அம்மாவுடன் இத்தாலி செல்கிறோம். நேப்பிள்ஸில் ஒரு நாள்தான் தங்குகிறோம். எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய ரோமானிய நகரங்களான பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டையும் அன்றே பார்க்க முடியுமா? அம்மாவுக்கு 68 வயது; மூட்டு வலி உண்டு.

பதில்: இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். காலையில் ஹெர்குலேனியம், பிற்பகலில் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்பெய் ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். தெருக்களில் பாவியிருக்கும் எரிமலைக் கற்கள் மேடும் பள்ளமுமானவை. அவற்றில் வண்டிச் சக்கரங்கள் அரைத்த தடங்கள் ஆழமாக விழுந்திருக்கின்றன. நிழலும் குறைவு என்பதால் மூட்டு வலி உள்ளவருக்கு அங்கே இரண்டு மணி நேரம் நடப்பதே பெரும் சிரமம்.

ஹெர்குலேனியத்தில் அகழப்பட்ட பகுதி மிகச் சிறியது; ஆனால் அங்கே காணக் கிடைப்பது பொம்பெயில் கிடைக்காது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெயில் நுரைக்கற்கள் மழையாகப் பொழிந்து கூரைகளைச் சரித்தன. ஹெர்குலேனியத்தையோ கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்து பாய்ந்து வந்து ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்துக்கு மூடிவிட்டன. அந்த வெப்பத்தில் மரம் எரிந்து போகாமல் கரியாகி நிலைத்ததால், உத்தரங்களையும் கட்டிலையும் மாடி அறைகளையும் இன்றும் காணலாம். ‘மரத் தடுப்பு வீடு’ என்று அழைக்கப்படும் வீட்டில், கூடத்தை உள்ளறையிலிருந்து பிரித்த கதவுத் தடுப்பு கருகிய நிலையில் அதே இடத்தில் நிற்கிறது. அதை அவசரமின்றிப் பாருங்கள்.

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறி ‘எர்கொலானோ ஸ்காவி’ நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ரயிலில் நெரிசலும் ஜேப்படியும் அதிகம். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து நுழைவாயில் வரை சாலை இறக்கமாகவே செல்லும். திரும்பும்போது அது ஏற்றமாகிவிடுமாதலால், அம்மாவுக்காக டாக்ஸி பிடிப்பது நல்லது.

பொம்பெயின் சுவர்களிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியங்களும் தரைச் சித்திரங்களும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. 1938-இல் பொம்பெயில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தப் பெண் சிலையும் அதன் சேகரிப்பைச் சேர்ந்ததே. செவ்வாய்க்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

அம்மா பொம்பெயைத்தான் பார்க்க விரும்பினால், அன்று வேறு எதையும் சேர்க்காமல், ஆம்பித்தியேட்டர் வாயில் வழியாக நுழையுங்கள். நடக்கச் சிரமப்படுவோருக்கென்று சமன்செய்த பாதை அங்கிருந்து தொடங்குகிறது. நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி. டிக்கெட் பெயருக்குத்தான் வழங்கப்படுகிறது. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்து முன்னதாக வாங்கிவிடுங்கள்.